மீதமான உறுப்புகளில் ஒரு படை

பத்துப் போர்வீரர்களுக்கான பெட்டி ஒன்றைத் திறக்கிறோம். உடல்கள் பத்து இருக்கின்றன. தலைகளோ பத்துக்கும் மேல். ஆயுதங்கள் அதனினும் மிகுதி. பத்து வீரர்களையும் ஒட்டி முடித்த பின்னரும் தலைகளும் கைகளும் வாட்களும் பைகளும் பிளாஸ்டிக் சட்டகத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கின்றன. பல வீடுகளில் அவை அப்படியே குப்பைக்குச் செல்கின்றன. அடுத்த மாதம் அதே வீட்டிற்கு இன்னொரு பெட்டி வந்து சேர்கிறது. அன்பு வாசகர்களே, இந்தச் சிறிய காட்சியைக் குறித்தே இன்று சற்றுச் சிந்திக்க விரும்புகிறோம்.

சிற்றுருவப் போர் விளையாட்டு பிரிட்டனில் ஆழ வேரூன்றியது. எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலில், தரையில் பொம்மை வீரர்களை நிறுத்தி ஆடுவதற்கான விதிகளை வகுத்தார். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் 'வார் கேம்ஸ்' வெளிவந்தது. பின்னர் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் வார்ஹாம்மரையும், 1987இல் வார்ஹாம்மர் 40,000 என்னும் விளையாட்டையும் வெளியிட்டது. ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயர வீரர்களைத் தாமே ஒட்டி, வண்ணம் தீட்டி, பகடையும் அளவுநாடாவும் கொண்டு மேசைமேல் ஆடுகின்ற பொழுதுபோக்கு இது.

இதில் ஒரு பெட்டியோடு செலவு நின்றுவிடுவதில்லை. முழுப் படை ஒன்றுக்குப் பல பெட்டிகள் வேண்டும். விதிநூலின் புதிய பதிப்பு வந்தால், நேற்று வலிமை பெற்றிருந்த படைப்பிரிவு இன்று பயனற்றதாகிறது. புதியதொன்றை வாங்கும் ஆசை எழுகிறது. வசதியுள்ளவருக்கு இது பொருட்டன்று. கைச்செலவுக் காசைச் சேர்த்து வைத்து ஆட வரும் பள்ளி மாணவனுக்கோ, அந்த மேசையில் இடம் உண்டா இல்லையா என்பதையே இச்செலவு தீர்மானித்துவிடுகிறது. ஆகவே மீந்த உறுப்புகளைக் கொண்டு புதிய வீரர்களை உருவாக்கும் கலையை நாம் வெறும் சிக்கனமாக மட்டும் காணவில்லை. அது அந்த மாணவனுக்காகத் திறந்திருக்கும் வாயில்.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததுமன்று. முந்தைய தலைமுறையினர் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் மலிவான சிறு வீரர்களை வாங்கி, ஒருவனது தலையை அறுத்து மற்றொருவனது உடலில் பொருத்தினர். அந்த மென்மையான பாலித்தீன் பசைக்கு எளிதில் ஒட்டாது. ஆதலால் கழுத்தில் ஊசியைச் செருகி இணைத்தனர். கடையில் கிடைக்காத நாட்டின் படையும் கிடைக்காத காலத்தின் படையும் அவ்வாறுதான் அவர்கள் மேசையில் அணிவகுத்தன. அதை ஒருவரும் வறுமையின் அடையாளமாகக் கருதவில்லை; கைத்திறனாகவே மதித்தனர்.

இன்று வேலை இன்னும் எளிது. தற்காலப் பெட்டிகளில் பெரும்பாலானவை பாலிஸ்டைரீன் என்னும் கடின பிளாஸ்டிக்கால் ஆனவை. பிளாஸ்டிக் பசை அதன் மேற்பரப்பைக் கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் வண்ணம் பூசிய இடத்தில் அது பிடிக்காது. முதலில் சுரண்டி நீக்க வேண்டும். உலோகத்திற்கும் ரெசினுக்கும் சூப்பர் குளூவே ஏற்றது. இடைவெளிகளை அடைக்க, நீலமும் மஞ்சளுமான இரு கூறுகளைப் பிசைந்தால் பச்சையாகும் எப்பாக்ஸிக் களிம்பு உண்டு; கருவியை நீரில் நனைத்துக்கொண்டால் அது ஒட்டிக்கொள்ளாது. இறுதியில் முழுவதற்கும் ஒரே அடிப்பூச்சு அடித்துவிட்டால், ஐந்து பெட்டிகளிலிருந்து வந்த உறுப்புகள் ஓருடலாகத் தோன்றும். வெற்றுச் சட்டகத்தையும் எறிய வேண்டியதில்லை. துண்டு துண்டாக நறுக்கினால் இடிந்த சுவரின் கற்குவியலாக வீரனின் காலடியில் அமையும்.

கத்தியைக் கையாளும்போது உடலை விட்டு விலக்கி வெட்டுவதும், பசைக்குக் காற்றோட்டமான அறையைத் தேர்வதும், ரெசினை நீரில் நனைத்து முகக்கவசத்துடன் தேய்ப்பதும் அவசியம். சிறுவர்கள் செய்யும்போது பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்திருக்கட்டும்.

எதிராட்டக்காரருக்கும் ஓர் உரிமை உண்டு என்பதை மறத்தலாகாது. வீரன் கையில் காணப்படும் ஆயுதமே விதிப்படி அவனிடம் உள்ள ஆயுதமாக இருத்தல் வேண்டும் என்பது பல போட்டிகளில் நிலவும் மரபு. எதை எதுவாக்கினோம் என்று ஆட்டத்திற்கு முன்பே சொல்லிவிடுவது நேர்மை. சில நிறுவனங்கள் தம் சொந்த அரங்குகளில் பிறர் தயாரித்த உறுப்புகளை அனுமதிப்பதில்லை. அதையும் முன்னரே கேட்டறிவது நலம்.

'எல்லோரும் இப்படியே செய்தால் சிற்பிகள் எவ்வாறு பிழைப்பது?' என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் விலை கொடுத்து வாங்கிய பொருளின் ஒவ்வொரு துண்டையும் பயன்படுத்துவது எவருடைய உரிமையையும் பறிப்பதாகாது. மற்றொருவர் செதுக்கிய உருவத்திற்கு அச்செடுத்து, வார்த்து, விற்பதுதான் பறிப்பது. அது மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஆகுமானதாகிவிடாது. சிக்கனம் என்ற பெயரால் அதனை நியாயப்படுத்துவோரை நாம் ஏற்க இயலாது.

இன்னொரு மயக்கமும் உண்டு. 'உறுப்புகளுக்காக' என்று சொல்லிக்கொண்டே புதுப் பெட்டிகளை வாங்கிக் குவிப்போர் இருக்கின்றனர். ஒட்டப்படாமலும் வண்ணம் காணாமலும் அலமாரியில் உறங்கும் பெட்டிகளை ஆட்டக்காரர்களே 'வெட்கக் குவியல்' என்று கேலியாக அழைக்கின்றனர். சேமிப்பின் பெயரால் நிகழும் வீண்விரயமும் வீண்விரயமே. மாறாக, ஒரு துண்டையும் பிறருக்குக் கொடுக்க மனமின்றிப் பூட்டி வைப்பது கஞ்சத்தனம். இவ்விரண்டிற்கும் நடுவே செல்லும் பாதையே நாம் விரும்புவது.

எனவே நாம் பரிந்துரைப்பது எளியது. அடுத்த பெட்டியை வாங்குமுன், இருக்கும் பெட்டிகளின் மீதத்தை மேசையில் கொட்டுங்கள். தலைகள், கைகள், ஆயுதங்கள் எனப் பிரித்துச் சிறு டப்பாக்களில் இடுங்கள். அவற்றிலிருந்து ஒரே ஒரு வீரனை உருவாக்கி முடியுங்கள். உங்களுக்குத் தேவைப்படாதவற்றை, புதிதாக ஆட வந்திருக்கும் ஒரு சிறுவனின் கையில் கொடுங்கள். உங்களிடம் குப்பையாக இருந்தது அவனிடம் முதல் படையாக நிற்கும்.