வீட்டுக் கணக்கும் சர்க்கார் கணக்கும்

மேலும் இரண்டு கோடி கிராமக் குடும்பங்கள் வீடு கட்டிக்கொள்ள உதவுவதென்று 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்திய சர்க்காரின் மந்திரிசபை தீர்மானித்தது. கூரையில்லாதாருக்குக் கூரை தரும் எந்த முயற்சியையும் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும் அத்தீர்மானத்தில் பலர் கவனியாமல் விட்ட ஒரு வாசகம் உண்டு. வீடொன்றுக்குச் சமவெளிப் பிரதேசங்களில் ரூ.1,20,000, மலைப் பிரதேசங்களில் ரூ.1,30,000 என்ற பழைய விகிதமே நீடிக்கும் என்பது அது. இவ்விகிதம் ஏற்பட்டது 2016-ம் வருஷத்தில். அதற்கு முன் இந்திரா ஆவாஸ் திட்டத்தில் சமவெளிக்கு ரூ.70,000 என்றிருந்த தொகை அப்போதுதான் உயர்த்தப்பட்டது. எட்டு வருஷங்கள் கழித்து, புதிதாக இரண்டு கோடி வீடுகளுக்குக் கணக்குப் போட உட்கார்ந்தவர்கள், அந்தப் பழைய காகிதத்தையே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வீட்டின் செலவை மதிப்பிடுவது எப்படி என்பது இஞ்சினீயர்களுக்கு மட்டுமே உரிய விஷயமென்று நம்மவர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. நமது ஜில்லாக்களில் எத்தனை குடும்பங்கள் கடனில் மூழ்கின என்று விசாரித்துக்கொண்டு போனால், அவற்றுள் பலவற்றின் கதை, தப்பாகப் போட்ட ஓர் எஸ்டிமேட்டில் தொடங்கியிருப்பதைக் காணலாம். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்த பெரியோர் ஒரு பேதத்தைச் சொல்லாமல் விட்டார்கள். கல்யாணத்தில் செலவு எவ்வளவு மிஞ்சினாலும் குறித்த முகூர்த்தத்தில் தாலி ஏறிவிடும். வீடோ, பணம் நின்ற இடத்தில் தானும் நின்றுவிடும். தூண்களின் தலையில் கம்பிகள் துருவேறி நிற்க, முன்புறம் திருஷ்டிப் பொம்மை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும் அரைகுறைக் கட்டடங்களை நமது நேயர்கள் தத்தம் ஊரிலேயே காண்பார்கள்.

இதற்கு முதற் காரணம், சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்ற ஒற்றை எண். இக்காலத்தில் நகரங்களில் சதுர அடிக்கு இரண்டாயிரத்துக்குக் குறைந்து எந்த மேஸ்திரியும் வாய் திறப்பதில்லை. ஆனால் எந்தச் சதுர அடி என்று கேட்பவர் சிலரே. சுவரின் கனத்தையும் சேர்த்து வெளிப்புறம் அளப்பது ஒரு கணக்கு. உள்ளே கால் வைத்து நடக்கும் தரையை மட்டும் அளப்பது வேறொரு கணக்கு. போர்டிகோவுக்கும் மாடிப்படியின் தலைக்கூண்டுக்கும் முழு விகிதமா, அரை விகிதமா என்பது இன்னொரு தகராறு. இவை தீர்ந்தாலும் அந்த எண்ணுக்குள் அடங்காதவை ஒரு கூட்டமாக வாசலில் காத்து நிற்கின்றன: ஆழ்துளைக் கிணறு, தண்ணீர்த் தொட்டி, செப்டிக் தொட்டி, சுற்றுச்சுவர், மின்சார இணைப்புக்கான தொகை, பிளான் அனுமதிக் கட்டணம், மனையை ரோட்டு மட்டத்துக்கு உயர்த்த அடிக்கும் மண். வீட்டுக்காரன் பத்து லக்ஷம் என்று மனத்தில் வைத்திருந்தது பன்னிரண்டு, பதின்மூன்றாகிப் போவது பெரும்பாலும் இங்கேதான். மேஸ்திரி ஏமாற்றினான் என்று பின்னர் பழி சொல்வதில் பயனில்லை. பேசாத விஷயத்துக்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்?

பூமியின் குணமும் சதுர அடிக் கணக்குக்குக் கட்டுப்படாது. செம்மண் சரளையில் மூன்று நான்கு அடியில் கெட்டி கிடைத்துவிடலாம். விருதுநகர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலமோ மழையில் ஊதிப் பெருத்து, கோடையில் வெடித்துப் பிளக்கும் தன்மையது. அங்கே கடைக்காலுக்கு ஆழமும் கம்பியும் அதிகம் வேண்டும். அதில் மிச்சம் பிடித்தவன் அந்த மிச்சத்தை இரண்டு மூன்று மழைக்காலங்களுக்குள் சுவர் வெடிப்பில் திருப்பிக் கொடுத்துவிடுவான். இரண்டு ஊர்களிலும் மேலே எழும்பும் வீடு ஒன்றுதான். மண்ணுக்குள் மறையும் பணம் வேறு.

ஆகவே ஒழுங்கான மதிப்பீடு என்பது பொருள்வாரியாகப் போடப்படுவதே. தோண்டும் மண் இத்தனை கன அடி, கருங்கல் ஜல்லி இத்தனை யூனிட், செங்கல் இத்தனை ஆயிரம், சிமெண்டு இத்தனை மூட்டை, கம்பி இத்தனை கிலோ, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இத்தனை ஆள்நாள் என்று ஒவ்வொன்றையும் அளவு வேறு, விலை வேறு என்று பிரித்து எழுத வேண்டும். அளவு மாறாது, விலைதான் மாறும். இப்படிப் பிரித்து எழுதியவன் விலை ஏறும்போது எங்கே இடிக்கிறதென்று உடனே அறிவான். இதில் சாமானியனுக்கு எட்டாத வித்தை ஒன்றும் கிடையாது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் நீளத்தின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர்க் கம்பிக்கு அது ஏறக்குறைய 0.89 கிலோ. இந்த ஒரு வாய்ப்பாட்டை அறிந்தவனிடம் எடைக் குறைவாகக் கம்பி இறக்குவது எளிதன்று.

இவ்வழியிலேயே சர்க்காரின் தொகையையும் சோதித்துப் பார்ப்போம். மத்தியத் திட்டத்தின்படி வீட்டின் குறைந்தபக்ஷ அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. ரூ.1,20,000-ஐ இதனால் வகுத்தால் சதுர அடிக்கு 446 ரூபாய்தான் வருகிறது. கான்கிரீட் தளமுள்ள ஒற்றை மாடியில்லா வீட்டுக்குச் சதுர அடிக்குச் சிமெண்டு சுமார் 0.4 மூட்டை, கம்பி சுமார் 3 கிலோ என்பது கட்டடக்காரர் வழக்கம். அந்தப்படி 108 மூட்டையும் 800 கிலோவும் தேவை. விலை ஊருக்கு ஊர் மாறுமாதலால், கணக்குக்காக மூட்டை ரூ.350 என்றும் கம்பி கிலோ ரூ.60 என்றும் வைத்துக்கொள்வோம். சிமெண்டுக்கு ரூ.37,800, கம்பிக்கு ரூ.48,000, ஆக ரூ.85,800 இவ்விரண்டிலேயே போய்விடுகிறது. மீதியுள்ள ரூ.34,200-ல் செங்கல், மணல், ஜல்லி, நிலை, கதவு, ஜன்னல், சென்ட்ரிங், பூச்சு, தரை, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி அனைத்தும் அடங்க வேண்டுமாம். கக்கூஸுக்கு ரூ.12,000-மும், 90 நாள் உடலுழைப்புக் கூலியும் வேறு திட்டங்களிலிருந்து சேரும் என்று 2016-ல் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவற்றைக் கூட்டினாலும் கணக்கு நேராகவில்லை.

தமிழ்நாட்டு சர்க்கார் நிலைமையை ஓரளவு உணர்ந்தது என்றே சொல்ல வேண்டும். கான்கிரீட் கூரைக்கென்று மேலும் ரூ.1,20,000 சேர்த்துத் தர முன்வந்தது. அதோடு நில்லாமல் 2024-ம் வருஷத்தில் தன் சொந்தத் திட்டமொன்றை அறிவித்து, 2030-க்குள் எட்டு லக்ஷம் வீடுகள் என்றும், 360 சதுர அடி வீடொன்றுக்கு ரூ.3,50,000 என்றும் குறித்தது. சதுர அடிக்கு 972 ரூபாய். மத்தியத் தொகையைவிட இது இரு மடங்குக்கும் மேல். எனினும் மேஸ்திரி கேட்கும் விலைக்கும் இதற்குமுள்ள பள்ளத்தை யார் நிரப்புவது? வீட்டுக்காரி கழுத்திலுள்ளதைக் கழற்றி நிரப்புவாள். அல்லது வாரவட்டிக்காரன் நிரப்புவான். மேலும், இத்தொகை மொத்தமாகக் கைக்கு வருவதன்று. அஸ்திவாரம், லிண்டல், கூரை எனப் படிப்படியாக, வேலை முடிந்ததைப் படமெடுத்துப் பார்த்த பின்னரே தவணைகள் வரும். சர்க்கார் பணத்தைப் பத்திரப்படுத்த இம்முறை நல்லதுதான். ஆனால் அடுத்த படிக்கு ஏறும் முதலை அன்றாடக் கூலிக்காரன் தானே தேட வேண்டியிருக்கிறது. தேட முடியாதவனுடைய வீடு லிண்டல் மட்டத்தில் நின்று மழையில் நனைகிறது.

இந்த சர்க்கார்களுக்கு மதிப்பீடு போடத் தெரியாதென்று யாரும் கூற முடியாது. பொது மராமத்து இலாகாவில் வருஷந்தோறும் விலைவிகிதப் பட்டியல் தயாராகிறது. ஜல்லி எத்தனை மைலிலிருந்து வருகிறது, அதற்கு வண்டிச் சத்தம் எவ்வளவு என்பதுவரை அதில் கணக்குண்டு. ஓர் ஆபீஸ் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் அந்த வருஷத்து விகிதத்தில்தான் எஸ்டிமேட் தயாராகும். பழைய விகிதத்தில் போட்டதைத் திருத்திய எஸ்டிமேட்டாக மாற்றவும் விதியுண்டு. பெரிய காண்ட்ராக்டுகளிலோ, வேலை நடக்கும்போது சிமெண்டும் இரும்பும் விலையேறினால் ஈடு செய்வதற்கென்றே ஒரு ஷரத்து சேர்க்கப்படுவது வழக்கம். கோடிக்கணக்கில் புரளும் காண்ட்ராக்டருக்கு விலையேற்றத்திலிருந்து பாதுகாப்பு இருக்கிறது. குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு மரத்தடியில் சமைக்கும் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்த வித்தியாசத்துக்கு நியாயம் கூறுவார் உண்டாயின் அதைக் கேட்க நாம் தயாராகவே இருக்கிறோம்.

வரி விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2017 ஜூலை முதல் சிமெண்டுக்கு நூற்றுக்கு 28 வீதம் சரக்கு சேவை வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. நல்ல காரியம், காலங்கடந்து நடந்த காரியம். கம்பிக்கும் 18 வீதமே. நாம் மேலே கணக்கிட்ட ரூ.85,800-ல், குறைந்த விகிதத்தின்படியே பார்த்தாலும், ஏறக்குறைய 13,000 ரூபாய் வரியாக இரு சர்க்கார்களுக்கும் திரும்பிப் போகிறது. உதவித் தொகையில் ஒன்பதில் ஒரு பங்கு! மாகாண சர்க்காரின் பங்கும் இதில் இல்லாமலில்லை. கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாகாணங்களுக்கு உண்டென்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதையடுத்து இங்கே இயற்றப்பட்ட வரிச் சட்டம் 2025 ஏப்ரலில் அமுலுக்கு வந்தவுடன் கல் குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜல்லியும் எம்-சாண்டும் விலையேறின. பல ஊர்களில் வேலை நின்றது. மலையைக் குடைந்து லாபம் அடைபவர்கள் வரி கொடுக்கக் கூடாதென்பது நம் கக்ஷியன்று. ஆனால் அந்த வரி கடைசியில் யார் தலையில் இறங்குமென்று யோசித்து, ஏழை வீட்டுத் தொகையையும் அதே உத்தரவில் உயர்த்தியிருக்கலாமல்லவா?

தொகையை உயர்த்தினால் வீடுகளின் எண்ணிக்கை குறையுமே என்று பொக்கிஷத்தார் ஆக்ஷேபிப்பர். எண்ணிக்கையில் குடியிருக்கத் தகுந்த வீடுகள் எத்தனை, கடன் பத்திரத்தின்மேல் நிற்பவை எத்தனை என்பதை முதலில் அவர்கள் பிரித்துக் காட்டட்டும். பார்லிமெண்டின் கிராமாபிவிருத்திக் கமிட்டியே இத்தொகையை உயர்த்த வேண்டுமென்று சொல்லியிருக்கிறது. ஒரே எண்ணைத் தேசம் முழுவதற்கும் விதிக்காமல், மராமத்து இலாகாவின் விகிதப் பட்டியலைக் கொண்டே ஜில்லாவாரியாக வருஷந்தோறும் ஒரு மாதிரி வீட்டின் செலவைக் கணித்து, உதவித் தொகையை அதனுடன் பிணைத்துவிட வேண்டும். முதல் தவணை, வானம் தோண்டும் முன்பே கைக்கு வர வேண்டும். அந்த மாதிரி எஸ்டிமேட்டைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பயனாளிக்கும் கொடுப்பதற்குப் பெருஞ்செலவும் ஆகாது.

சர்க்கார் செய்யும்வரை காத்திராமல் ஊர்ப் பொதுக்காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நமது நேயர்கள் இவ்வேலையைத் தாமே தொடங்கலாம். உங்கள் ஊரில் திட்ட வீடு கட்டுகிற ஒருவரோடு ஒரு மாலை உட்கார்ந்து, மூட்டை மூட்டையாக, கிலோ கிலோவாக அவர் செலவை எழுதுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதை உரக்கப் படித்து, இந்தத் தொகையும் சர்க்கார் தொகையும் ஏன் ஒன்றாக இல்லை என்ற கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் பதியும்படி கேளுங்கள்.