இரண்டு நாள் எம்சி

வெளிநாட்டு வேலையில் அடிபட்ட தொழிலாளியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், படித்தவர்கள் கூடியிருக்கும் எந்தச் சபையிலும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சொல் வந்து விழுந்துவிடும்: விழிப்புணர்வு. "அவங்களுக்கு என்ன உரிமை இருக்குன்னே தெரியல சார்." "அங்க சிஸ்டம் எல்லாம் பக்காவா இருக்கு, இவங்களுக்குத்தான் யூஸ் பண்ணத் தெரியல." சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில் எங்கள் மென்பொருள்காரர்களின் வாட்ஸாப் குழுவில் இதை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அடுத்த வரி என்னவாக இருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். "தமிழ்ல ஒரு ஆப் பண்ணலாமே ப்ரோ."

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்கு எதிரானது. அடிபட்ட தொழிலாளிக்கு மருத்துவம் சரியாகக் கிடைக்காததற்குக் காரணம் அவனுடைய அறியாமை அல்ல. அவனுக்கு எல்லாம் தெரியும். நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவனால் ஒன்றும் செய்ய முடியாதபடி அவனுடைய வேலை, விசா, கடன் மூன்றும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த முடிச்சைப் பற்றிப் பேசாமல் விழிப்புணர்வைப் பற்றிப் பேசுவது, கையைக் கட்டிப்போட்டவனுக்கு நீச்சல் தெரியவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

*

எனக்குச் சொந்த ஊர் அனந்தபுரம். விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சி பக்கம் இருக்கிற சின்னப் பேரூராட்சி. எங்கள் தெருவிலிருந்து சிங்கப்பூர் போனவர்களில் பொறியியல் படித்துவிட்டுப் போனவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் ஏஜென்ட்டுக்கும் பயிற்சி மையத்துக்கும் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, ஸ்கில் டெஸ்ட் பாஸ் செய்து, கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போனவர்கள்.

அவர்களில் ஒருவன் 2018-ல் சாரத்திலிருந்து விழுந்தான். ஆள் உயரத்துக்குச் சற்று மேலிருந்துதான். இடது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டுக்கு மேலே ஆரை எலும்பு முறிந்தது. அவனுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "உன் பையனும் அங்கதான இருக்கான், கொஞ்சம் பாக்கச் சொல்லும்மா" என்று கேட்க, அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மறு வருஷம் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் சைக்கிளிலிருந்து விழுந்து என்னுடைய இடது கையும் அதே இடத்தில் முறிந்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கையை ஊன்றி விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முறிகிற எலும்பு அதுதான்.

இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே எலும்பு, ஒரே நாடு. விழிப்புணர்வு யாருக்கு எவ்வளவு இருந்தது என்று பார்ப்போம்.

எனக்குச் சிங்கப்பூர் மருத்துவ முறை பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எந்த மருத்துவமனைக்குப் போவது, காப்பீட்டு எண் எங்கே இருக்கிறது, பாலிக்கிளினிக் வேறு மருத்துவமனை வேறா, எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. டாக்ஸி ஓட்டுநரே அவசரப் பிரிவு வாசலில் இறக்கிவிட்டார். அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் எனக்கு முன்னால் மருத்துவமனைக்குப் போய்விட்டது. தகடு வைத்து அறுவை, ஆறு வாரம் விடுப்பு, அதன்பின் பிசியோதெரபி. என் மேனேஜர் போனில் கேட்ட ஒரே கேள்வி, "வீட்டில் சமைக்க ஆள் இருக்கா?"

அவன் கதை வேறு. சூப்பர்வைசர் கம்பெனி லாரியிலேயே ஏற்றி, கம்பெனி வழக்கமாகப் போகும் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். டாக்டர் படம் எடுத்தார், மாவுக்கட்டு போட்டார், சூப்பர்வைசரிடம் ஆங்கிலத்தில் ஏதோ பேசினார். விடுப்புச் சீட்டு எழுதினார். இரண்டு நாள். மூன்றாம் நாளிலிருந்து லைட் டூட்டி. லைட் டூட்டி என்றால் என்ன? சைட்டுக்குப் போய், ஒரு கையால் தூக்க முடிந்ததைத் தூக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்தித்தபோது, ஏன் இரண்டே நாள் என்று கேட்டேன். தயங்காமல் சொன்னான்: "மூணு நாளுக்கு மேல எம்சி போட்டா கம்பெனி மினிஸ்ட்ரிக்கு எழுதணும்ணா. எழுதினா சேஃப்டி ஆளுங்க வருவாங்க. அதான் ரெண்டு நாள்தான் போடுவாங்க."

சட்டம் அப்போது அப்படித்தான் இருந்தது. வேலையில் அடிபட்டவருக்கு மூன்று நாளுக்கு மேல் மருத்துவ விடுப்பு கொடுத்தாலோ, அவர் ஒரு நாள் மருத்துவமனையில் படுத்தாலோ மட்டும்தான் முதலாளி மனிதவள அமைச்சுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பத்தாவது படித்த பையன், படுக்கும் இடத்தில் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் கேட்டே அந்தச் சட்டத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தான். இழப்பீடு கேட்க ஒரு வருஷம் அவகாசம், நிரந்தர ஊனத்தைச் சதவீதமாகக் கணக்கிடுவார்கள், விடுப்புச் சம்பளம் எத்தனை நாள் முழுசாக, எப்போது மூன்றில் இரண்டாகக் குறையும் என்பதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவனுக்கா விழிப்புணர்வு இல்லை?

*

இது ஒருவனுக்கு நேர்ந்த தனிக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2011-ல் கட்டட வேலையில் விழுந்து கை எலும்பு முறிந்த வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு அறுவை செய்த எலும்பு மருத்துவர், இரண்டு நாள் விடுப்பு கொடுத்து லைட் டூட்டிக்கு அனுப்பினார். தொண்டு அமைப்பு ஒன்று புகார் செய்து, வழக்கு நீதிமன்றம் வரை போனது. முதலில் விசாரித்த மருத்துவக் குழு அந்த மருத்துவரை விடுவித்தது. 2016-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றி, அவருக்கு ஆறு மாத இடைநீக்கம் விதித்தது. 2020 செப்டம்பர் 1 முதல் சட்டமும் திருத்தப்பட்டது. இப்போது வேலையிடக் காயத்துக்கு ஒரு நாள் விடுப்பு கொடுத்தாலும், லைட் டூட்டி எழுதினாலும் அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அந்த ஓட்டை அடைபட்டதற்குக் காரணம் தொழிலாளிகளுக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்தது அல்ல. மருத்துவருக்குத் தண்டனை கிடைத்தது, முதலாளியின் பொறுப்பு கூடியது. விழிப்புணர்வுக்காரர்கள் மனதில் வைக்க வேண்டிய பாடம் இது. பலவீனமானவனுக்குப் பாடம் எடுத்து எந்த முறையும் திருந்தியதில்லை. பலசாலியின் கணக்கை மாற்றினால்தான் திருந்தும்.

*

ஓட்டை அடைபட்டுவிட்டது, பிறகென்ன என்று கேட்கலாம். முடிச்சு அவிழவில்லை என்பதுதான் பதில்.

வொர்க் பெர்மிட் என்பது ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்ட அனுமதி. அதை முதலாளி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். தொழிலாளியின் தங்குமிடம், மருத்துவம் இரண்டுக்கும் சட்டப்படி பொறுப்பு அதே முதலாளிதான். மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட்காரருக்கும் அரசிடம் 5,000 வெள்ளி பிணைத்தொகை கட்டியிருப்பவரும் அவர்தான். ஆக, தொழிலாளியின் உடம்பில் ஏற்படும் ஒவ்வொரு சேதமும் ஒரே மனிதரின் செலவுப் பட்டியலில் போய் உட்காருகிறது. அந்த மனிதர் நல்லவராக இருந்தால் பிரச்சினை இல்லை. நல்லவராக இருப்பதை நம்பி ஒரு முறையை நடத்தக்கூடாது என்பதை மென்பொருள் எழுதுகிறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாம் ஒரே இடத்தைச் சார்ந்திருந்தால் அந்த ஒரு இடம் விழும்போது எல்லாம் விழும். நம் அலுவலகத்தில் இப்படி ஒரு வடிவமைப்பைக் கொண்டுவந்தால் முதல் கூட்டத்திலேயே கிழித்துப் போட்டுவிடுவோம்.

சரி, தொழிலாளி துணிந்து இழப்பீடு கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பெர்மிட் ரத்தானால், வழக்கு முடியும்வரை தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும். அந்த பாஸில் பெரும்பாலும் வேலை செய்ய முடியாது. மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே டிரான்ஸியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற தொண்டு அமைப்பு, லிட்டில் இந்தியாவில் 2008 முதல் இலவசச் சாப்பாடு போட்டு வருகிறது. உலகத்தின் பணக்கார நகரங்களில் ஒன்றில், சட்டப்படி தனக்கு வரவேண்டிய பணத்துக்காகக் காத்திருக்கும் மனிதன் தட்டேந்தி வரிசையில் நிற்கிறான்.

எங்கள் ஊர்ப் பையன் இழப்பீடு கேட்கவில்லை. அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காசில் வேறு மருத்துவமனைக்குப் போனான். எலும்பு விலகிக் கூடுகிறது என்றார்கள். அதைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு கம்பெனியில் முகம் மாறியது. "ஊருக்குப் போய்ப் பாத்துக்கோ" என்றார்கள். கிளம்பிவிட்டான். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவன் சொன்ன காரணம் இது: "கேஸ் போட்டா ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆவும்ணா. இங்க சும்மா உக்காந்தா ஊர்ல வட்டி யாரு கட்றது? அப்புறம் கேஸ் போட்டவன்னு தெரிஞ்சா அடுத்த கம்பெனி எடுப்பானா?" இதில் அறியாமை எங்கே இருக்கிறது? பிசகில்லாத வட்டிக் கணக்கு இது.

ஊரில் அவனுடைய அம்மா புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போனார். கோணலாகக் கூடிவிட்ட எலும்பை எந்தக் கட்டும் நேராக்காது. இப்போதும் அவனால் ஈரத் துணியை முறுக்கிப் பிழிய முடியாது.

*

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். "வளைகுடாவுக்கு சிங்கப்பூர் எவ்வளவோ மேல். நம்ம ஊர்ல சாரத்திலிருந்து விழுந்தா மட்டும் என்ன கிடைக்குதாம்?" இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் நல்ல சட்டம். யார் மேல் தவறு என்று கேட்காமலே இழப்பீடு தரும் சட்டம். உடலுழைப்புத் தொழிலாளி எல்லோருக்கும் முதலாளி காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்கிற சட்டம். அதனால்தான் அதை எடுத்துப் பேசுகிறேன். நல்ல சட்டம் உள்ள இடத்திலேயே முடிச்சு இப்படி இறுக்குகிறது என்றால், மற்ற இடங்களை ஊகித்துக்கொள்ளலாம்.

நம்மூர் அரசு மருத்துவமனையை நான் கோயிலாக்கப் போவதில்லை. முண்டியம்பாக்கத்தில் நோயாளியோடு இரவு தங்கியவர்கள் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டால், வேறு மாநிலத்தவரானாலும் வேறு நாட்டவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திண்டிவனம் நெடுஞ்சாலையில் விழுந்து கிடப்பவனைத் தூக்குகிற 108 ஆம்புலன்ஸ்காரர், "உன் முதலாளி யாரு?" என்று கேட்பதில்லை. ஏழை மாநிலத்தின் குறைபட்ட மருத்துவமனைக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமலிருக்கத் தெரிந்திருக்கிறது. காயத்தை முதலாளியிடமிருந்து பிரிக்க முடியும் என்பதற்கு இது போதும்.

அதே அரசுகள் கடல் கடந்ததும் கையை விரிக்கின்றன. வெளிநாடு போகும் தொழிலாளிக்காக இந்திய அரசு 2003-ல் கொண்டுவந்த பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு இருக்கிறது. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ பத்து லட்ச ரூபாய். யாருக்கு அது கட்டாயம்? குடியேற்றச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட்டோடு, அந்தச் சோதனைப் பட்டியலில் உள்ள 18 நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு மட்டும். பட்டியலில் மலேசியா உண்டு, தாய்லாந்து உண்டு, சிங்கப்பூர் கிடையாது. அதோடு பத்தாவது பாஸ் செய்தவருக்கு அந்தச் சோதனையே தேவையில்லை. பள்ளி இறுதி படித்தவன் தன்னைத்தானே பார்த்துக்கொள்வான் என்பது இந்திய அரசின் நம்பிக்கை. விழிப்புணர்வு வாதத்தின் அரசாணை வடிவம் இது.

தமிழக அரசு 2011-லேயே வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டம் இயற்றியது. ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. அந்த மேடைகளில் யார் முன்வரிசையில் உட்காருகிறார்கள் என்று பார்த்தால் போதும். தொழிலதிபர்கள், அமைச்சர்கள், நம்மைப் போல மடிக்கணினிக்காரர்கள். சாரத்தில் நிற்கிறவன் மேடைப் பேச்சில் 'நம் உறவுகள்' என்று ஒரு வரியில் வந்து போவான்.

*

அப்படியானால் கேட்க வேண்டியது என்ன? அடிபட்டவன் எந்த மருத்துவரிடம் போவது என்பதை முதலாளியும் சூப்பர்வைசரும் முடிவுசெய்யக் கூடாது. சிகிச்சையும் வழக்கும் நடக்கும் காலம் முழுக்க வேறு இடத்தில் வேலை செய்யும் உரிமை, கெஞ்சிப் பெறும் சலுகையாக இல்லாமல் சட்டமாகவே இருக்க வேண்டும். இவை சிங்கப்பூர் செய்ய வேண்டியவை. சிங்கப்பூர் வொர்க் பெர்மிட்டில் போகும் ஒவ்வொருவருக்கும், பத்தாவது படித்திருந்தாலும் பட்டம் படித்திருந்தாலும், கட்டாயக் காப்பீடு வேண்டும்; காயத்தோடு திரும்பி வருகிறவனின் இழப்பீட்டு வழக்கை ஊரிலிருந்தே நடத்திக்கொடுக்க மாவட்டந்தோறும் ஓர் அலுவலர் வேண்டும். இவை இங்குள்ள அரசுகள் செய்ய வேண்டியவை. புறப்படும்போதே கடன் வாங்க வைக்கும் பயிற்சி மையங்களின் கட்டணத்துக்கு வரம்பு வைப்பதும் இதில் சேரும். வட்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை எந்த உரிமையும் அவனுக்கு உதவாது.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஆப் வேண்டாம். அந்தக் கிளினிக் அறையில் டாக்டரும் சூப்பர்வைசரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது, "டாக்டர், இந்த எலும்பு கூட எத்தனை வாரம் ஆகும்? அதைச் சீட்டில் எழுதுங்கள்" என்று ஆங்கிலத்திலேயே கேட்க மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆங்கிலம் நம்மிடம் இருக்கிறது. அரை நாள் லீவு போட்டால் பெர்மிட் போய்விடாத வேலையும் நம்மிடம் இருக்கிறது. குழுவில் அடுத்த முறை யாராவது விழிப்புணர்வு என்று ஆரம்பித்தால், அடுத்த திங்கட்கிழமை மருத்துவமனைக்கு யார் துணைக்குப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்பவர்களின் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.