தகப்பனின் கையெழுத்தும் பிள்ளையின் பயணமும்

காரைக்கால், புதுச்சேரி பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பாரிஸில் உறவு இல்லாத வீடு குறைவு. விடுமுறையில் பிள்ளைகளைத் தாய்மாமன் வீட்டுக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால், கணவரைப் பிரிந்து வாழும் பெண்ணின் பிள்ளைக்கு அந்தப் பயணம் விசா மையத்தோடு நின்றுவிடுகிறது. தந்தையின் சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்கிறார்கள்.

பாஸ்போர்ட் வாங்குவதில் இவ்வளவு சிரமம் இல்லை. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியது. பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். மணமுறிவுத் தீர்ப்பைக் காட்ட வேண்டியதில்லை. தந்தை சம்மதிக்காவிட்டால், தாய் அதற்கான உறுதிமொழியை வெள்ளைத் தாளில் எழுதித் தரலாம்.

விசா அப்படியல்ல, அது அடுத்த நாட்டின் முடிவு. பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளின் விதிப்படி, சிறுவரின் விண்ணப்பத்தில் பெற்றோருக்குரிய சட்ட அதிகாரம் உடையவர் கையெழுத்திட வேண்டும். எனவே தூதரகங்கள் பொதுவாகத் தாய், தந்தை இருவரின் சம்மதத்தையும் கேட்கின்றன. விதவைத் தாய்க்கு இறப்புச் சான்றிதழ் கைகொடுக்கும். பிரிந்து வாழ்பவருக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை நாடு கடத்திச் சென்றுவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். இதற்காக 1980-இல் ஹேக் உடன்படிக்கையே உருவானது. இந்தியா அதில் சேரவில்லை. ஆக, இது நம்மைக் குறிவைத்த விதியல்ல.

சிக்கல் நம்மிடம் இருக்கும் காகிதத்தில்தான். காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்து மட்டுமே என்று 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஜமாஅத் போன்ற தனியார் அமைப்புகள் குலா சான்றிதழ் தர முடியாது, குடும்பநல நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்று 2023-இல் தீர்ப்பளித்தது. அந்தக் காகிதங்களிலும் திருமணம் முடிந்தது என்றுதான் இருக்கும். பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. ஷரீஅத்தில் வளர்க்கும் உரிமையான ஹளானத் தாய்க்கும், காப்பாளர் பொறுப்பான விலாயத் தந்தைக்கும் உரியது. பத்து ஆண்டுகள் தனியாக வளர்த்தவரும் சட்டத்தின் கண்ணில் காப்பாளர் ஆவதில்லை.

இந்த இடைவெளியைச் சிலர் ஆயுதமாக்குகிறார்கள். ஜீவனாம்ச வழக்கை வாபஸ் வாங்கினால் கையெழுத்துப் போடுகிறேன் என்று பேரம் பேசுகிறார்கள். பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கோ தந்தைக்கோ தீங்கிழைப்பதை அல் பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் தடுக்கிறது. அதே நேரம், பிள்ளை திரும்பி வருமா என்ற தந்தையின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பயணத் தேதி, தங்கும் முகவரி, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை முன்கூட்டியே அவரிடம் கொடுப்பதே அதற்கு மருந்து.

கடனைக்கூட எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பிள்ளை யாரிடம் வளரும், தந்தை எப்போது பார்ப்பார், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்குச் சம்மதம் எப்படி என்பதை மணமுறிவு நேரத்திலேயே ஜமாஅத் நிர்வாகிகள் எழுதி வாங்க வேண்டும். அதைக் குடும்பநல நீதிமன்றத்தில் உத்தரவாகவும் பெறச் செய்ய வேண்டும். ஏற்கெனவே பிரிந்தவர்கள் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் மனுச் செய்யலாம். டிக்கெட் எடுத்த பிறகு ஓடாமல், பல மாதங்களுக்கு முன்பே வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

பெரியவர்களின் பிணக்கில் பிள்ளைகளின் உறவுகள் அறுந்துபோகாமல் அல்லாஹ் காப்பானாக.