ஒரு மவுஸ், ஆறு பேர்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது நம் ஊர் வழக்கம். ஒரு மார்கழியில் நாமக்கல் அருகே எங்கள் வீட்டில் பரமபதப் படம் கிழிந்துபோயிருந்தது. பெரியப்பா மகன் கம்ப்யூட்டரில் கேம் போட்டான். மவுஸ் அவன் கையில். மற்ற ஐந்து பேரும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்தில், விரதமிருந்த பாட்டி உட்பட எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

குற்றம் கம்ப்யூட்டர் மீது இல்லை, தேர்வுதான் தவறு. கூடி விளையாட இரண்டு விஷயங்களைப் பாருங்கள். விதிகளை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட முடிய வேண்டும். புதியவருக்கும் ஜெயிக்க வாய்ப்பு வேண்டும். பரமபதத்தில் தாயக்கட்டைதான் முடிவு செய்கிறது. பாட்டியும் பேத்தியும் சமம். இருவர் மட்டும் என்றால் ஆடுபுலி ஆட்டம் போதும்: 3 புலிகள், 15 ஆடுகள். இதில் திறமை வேண்டும் என்பதால் ஆட்டத்துக்கு ஆட்டம் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். செஸ்ஸை, ஏற்கனவே பழகிய இருவருக்கு விட்டுவிடலாம்.

கம்ப்யூட்டருக்கும் இதில் வேலை உண்டு. வேர்டில் 10 வரிசை, 10 பத்தி கொண்ட டேபிள் போடுங்கள். கீழ் வரிசையில் 1-ல் தொடங்கி, வரிசைக்கு வரிசை திசை மாற்றி 100 வரை எண்ணிட்டு, ஏ4 தாளில் பிரிண்ட் எடுங்கள். எளிமையான பரமபதக் கட்டம் தயார். பாம்பையும் ஏணியையும் குழந்தைகளே பேனாவால் வரையட்டும்.

பிறகு தாளைத் தரையில் விரியுங்கள். மானிட்டரை அணைத்துவிட்டுச் சுற்றி உட்காருங்கள். இப்போது எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்க்கலாம்!