படத்துக்குக் கீழே பேர் எழுதுங்கள்

மாண்புமிகு கலாசார அலுவல்கள் அமைச்சர் அவர்களுக்கு,

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, அங்கேயே படிப்பித்து, ஓய்வு பெற்ற ஆசிரியை நான். ஒரு படத்தைப் பற்றியும் ஒரு கண்காட்சியைப் பற்றியும் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

2009இல் போர் முடிந்த பிறகு, அதைப் பட்டு அனுபவித்த சாதாரண சனங்களின் படங்கள் கொழும்பில் அவ்வப்போது காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அப்படி ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒரு படத்தின் முன்னால் என் கால் நின்றுவிட்டது. வன்னி மண் பாதையில் ஒரு பெண் நடந்து வருகிறாள். முதுகில் சாக்கு மூட்டை. அந்த மூட்டையின் கயிறு தோளில் இல்லை, உச்சந்தலையில் கிடக்கிறது. மடித்த துணியைத் தலைக்கு வைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டு, கழுத்தைச் சற்று முன்னால் நீட்டி நடக்கிறாள். கொழுந்துக் கூடை சுமந்த தலைதான் அப்படிச் சுமக்கும். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இருந்ததெல்லாம் ‘இடம்பெயர்ந்த பெண், 2009’. தமிழில் ஓரெழுத்தும் இல்லை.

அவள் எங்கள் மலையகத்துப் பெண். 1977இலும் 1983இலும் இனக்கலவரத்தில் லயங்களுக்கு நெருப்பு வைத்தபோது, உயிர் பிழைக்க வடக்கே போனவர்கள் எத்தனையோ பேர். கிளிநொச்சியில் பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் போய்க் கேளுங்கள்; பாட்டன் பூட்டன் எந்தத் தோட்டம் என்று சொல்வார்கள். காடு வெட்டிக் குடியேறிய அந்தச் சனம் கடைசிப் போரில் அகப்பட்டுக்கொண்டது. போரின் கதையை எழுதுகிறவர்கள் மலையகத்தை அதில் சேர்ப்பதில்லை. அந்தப் படத்தில் அது இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் அந்த மண்டபத்தில் இல்லை.

ஐயா, தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்றுதான் சொல்லுவோம். மாலையில் நிறுக்கும்போது கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. அம்மா வீட்டுக்கு வந்து “இன்னைக்கு அரைப்பேருதான்” என்று சொன்னால், அன்றைக்கு அடுப்படியில் யாரும் சத்தம் போட மாட்டோம். எங்களைப் படம் பிடித்தவர்கள் அந்த அரைப்பேரையும் போடவில்லை. ஸ்கீன், பிளாட்டே புகைப்படக் கம்பெனிகளின் அந்தக்காலத்துப் படங்களையும் தபால் அட்டைகளையும் பாருங்கள். கொழுந்து பறிக்கிறவள், தமிழ்ப் பெண், கூலி, அவ்வளவுதான்.

பொகவந்தலாவையில் சென் மேரிஸ் தேவாலயத்து மண்ணில் ஜூலியா மார்கரெட் கேமரன் அடங்கியிருக்கிறார். உலகம் கொண்டாடும் புகைப்படக் கலைஞர், 1879இல் இலங்கையிலேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியரின் பெயர் இன்றும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இலங்கையில் அவர் கமராவுக்கு முன்னால் நின்ற உழைப்பாளிச் சனங்களின் பெயர் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே! அமெரிக்காவில் டொரோதியா லாங் 1936இல் எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படமும் அப்படித்தான். அது புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெண் என்று உலகத்துக்குத் தெரிய 1978 ஆனது. அவர் அப்போது உயிரோடு இருந்தார் என்பதே எனக்கு ஆறுதல்.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. நேபாளத்தில் செய்திருக்கிறார்கள். பத்தாண்டு உள்நாட்டுப் போர் 2006இல் முடிந்ததும், குந்த தீக்ஷித் என்ற பத்திரிகையாளர் பலரும் எடுத்த படங்களைத் தொகுத்து ‘எ பீப்பிள் வார்’ என்று புத்தகமாக்கினார். தளபதிகளைவிடச் சாதாரண சனங்களே அதில் அதிகம். அந்தப் படங்கள் காத்மாண்டுவோடு நிற்காமல் நாடு முழுக்க ஊர் ஊராகப் போயின. சனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள், குறிப்பேட்டில் மனதில் பட்டதை எழுதினார்கள். பிறகு படத்தில் இருந்தவர்களையே தேடிப்போய், அவர்கள் என்ன ஆனார்கள் என்று இன்னொரு புத்தகமும் போட்டார்கள்.

அதுபோல இங்கும் படங்கள் மலைக்கு வரட்டும். ஹட்டன், நுவரெலியா டவுனோடு நின்றுவிடாமல் தோட்டத்துக்குள்ளேயே வர வேண்டும். பெரிய மண்டபம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கும் மடுவம் சும்மாதான் கிடக்கும். அந்தச் சுவர் போதும். மூன்று மொழியிலும் எழுத்து இருக்கட்டும், கண் மங்கிய கிழவியும் வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக. மற்ற நாளில் வைப்பதானால், கொழுந்துப் பெண்கள் வேலைக்குப் போகிற நேரத்தில் திறந்து, அவர்கள் திரும்புமுன் மூடிவிடாதீர்கள். ஒரு கொப்பியும் பேனாவும் வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். அந்த மூட்டைக்காரியின் பெயரைச் சொல்ல யாராவது வருவார்கள்.

என்னிடம் இருக்கிற படத்தையும் தருகிறேன். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் எங்கள் சனத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்ததில், எங்கள் அம்மாயி ஒரு பங்கில் விழுந்தார், அவருடைய தங்கை மறு பங்கில். தங்கை குடும்பம் தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில் ஏறுமுன் எல்லாரும் நின்று எடுத்துக்கொண்ட படம். சனங்கள் அந்தக் கோச்சிக்கு வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. படத்தில் அம்மாயியின் வலக்கை தெரியாது. கொழுந்துக் கறை ஏறிய விரலைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்திருக்கிறார். தங்கை அந்த முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு பிரதி போட்டார்கள். ஒன்று தங்கை குடும்பத்தோடு இந்தியாவுக்கு, கோத்தகிரிக்குப் போனது. எங்கள் பிரதியின் பின்னால் அம்மா பென்சிலால் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வைத்தார். ஓரத்தில் வெறுங்காலோடு நிற்கும் சின்னப் பிள்ளைக்கு மட்டும் பெயர் இல்லை. ஸ்டூடியோக்காரர் வீட்டுப் பிள்ளையா, பக்கத்து லயத்துப் பிள்ளையா, அம்மாவுக்கே நினைவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது அறுபது வயதாவது இருக்கும். படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை எனக்குத் திருப்பித் தாருங்கள். மடுவத்துச் சுவரில் அதை மாட்டும்போது, அந்தப் பிள்ளைக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு மாட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்