கூடைப்பந்து வீரரும் கலாசாலையின் கடமையும்

ஆண்டுதோறும் மார்ச்சு மாதம் பிறந்ததும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மற்றக் காரியங்களெல்லாம் சற்றே பின்னிற்க, 68 கலாசாலை அணிகள் பொருதும் கூடைப்பந்துப் போட்டியே பேச்சாகவும் மூச்சாகவும் ஆகிவிடுகிறது. 1939-ஆம் ஆண்டில் எட்டே அணிகளுடன் தொடங்கிய அப்போட்டியின் இன்றைய செல்வாக்கை அறிய வேண்டுமானால், தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கமாகிய என்.சி.ஏ.ஏ.வுக்குத் தொலைக்காட்சி நிறுவனங்கள் அளிக்கும் தொகையைப் பார்த்தாலே போதும்: 2010-ஆம் ஆண்டில் பதினான்கு ஆண்டு உரிமைக்கு 1,080 கோடி டாலர் என்று ஒப்பந்தமாயிற்று, 2016-இல் அதனை 2032 வரை நீட்டிப்பதற்கு மேலும் 880 கோடி டாலர் பேசப்பட்டது. இவ்வளவு பெருஞ்செல்வத்துக்கும் ஆதாரமாக நிற்பவர்கள் பதினெட்டு வயதுக்கும் இருபத்திரண்டு வயதுக்கும் இடைப்பட்ட இளைஞர்களே. அவர்களுடைய ஆட்டத்தைக் கோடிக்கணக்கான கண்கள் பார்க்கின்றன. ஆட்டம் ஓய்ந்தபின் அவர்கள் எவ்வழியில் சென்றார்கள், என்ன ஜீவனோபாயம் தேடிக்கொண்டார்கள் என்று கேட்பவர்களோ மிகச் சிலர். அக்கேள்வியைக் கேட்கவும், அதற்கு விடை சொல்லும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்று ஆராயவுமே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தொழில்முறை ஆட்டத்தின் சிகரமாகிய என்.பி.ஏ.வில் உள்ள அணிகள் 30. ஆண்டுக்கொருமுறை நிகழும் 'டிராஃப்ட்' என்னும் வீரர் தேர்வில் இரண்டே சுற்றுகள்; ஆகவே அழைக்கப்படும் பெயர்கள் அறுபதுக்கு மேற்படுவதில்லை; அவ்வறுபதிலும் ஐரோப்பாவிலிருந்தும் பிற கண்டங்களிலிருந்தும் வருவோர்க்கு ஒரு பங்கு உண்டு. மறுபுறத்திலோ, கலாசாலை விளையாட்டின் முதற்பிரிவில் மட்டுமே 350-க்கு மேற்பட்ட கல்வி நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டஜனுக்கு மேற்பட்ட வீரர்களுடன் களமிறங்குகின்றன. தேர்வுக்குத் தகுதி பெறும் கலாசாலை வீரர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே என்.பி.ஏ.வினால் தெரிந்தெடுக்கப்படுகிறார் என்பது என்.சி.ஏ.ஏ. தானே வெளியிட்டுள்ள மதிப்பீடு. எஞ்சிய தொண்ணூற்றொன்பதின்மரும் திறமையற்றவர்களல்லர். தத்தம் ஊரிலும் பள்ளியிலும் ஒப்பாரும் மிக்காரும் இன்றி விளங்கியவர்களே.

ஒரே களத்தில் ஒருங்கே ஆடியவர்களின் வாழ்வு எவ்வாறு ஐந்து திசைகளில் பிரிந்து செல்லும் என்பதற்கு மிச்சிகன் சர்வகலாசாலையின் ஐவரைக் காட்டிலும் தெளிவான சாட்சி வேறில்லை. 1991-ஆம் ஆண்டில் கிறிஸ் வெப்பர், ஜேலன் ரோஸ், ஜுவான் ஹோவர்ட், ஜிம்மி கிங், ரே ஜாக்சன் என்னும் ஐந்து இளைஞர்கள் ஒருங்கே முதலாண்டு வகுப்பில் சேர்ந்தனர். அனுபவம் மிக்க மூத்த வீரர்களைக் கொண்ட அணிகளை வென்று 1992-லும் 1993-லும் அடுத்தடுத்து இறுதியாட்டம்வரை சென்றனர். முதலில் டியூக்கிடமும் பிறகு வட கரோலினாவிடமும் தோற்றனரென்றாலும் நாடு முழுவதும் அவர்களுடைய கீர்த்தி பரவிற்று. வெப்பர் 1993-ஆம் ஆண்டுத் தேர்வில் முதற்பெயராக அழைக்கப்பெற்றார். ரோஸும் ஹோவர்டும் மறு ஆண்டில் முதற்சுற்றிலேயே தெரிந்தெடுக்கப்பட்டு நெடுங்காலம் ஆடினர். ஹோவர்ட் மொத்தம் பத்தொன்பது பருவங்கள் ஆடி, மயாமி அணியோடு இருமுறை வாகை சூடி, பின்னாளில் தாம் பயின்ற மிச்சிகனுக்கே பயிற்சியாளராகவும் திரும்பினார். நான்காண்டும் கலாசாலையில் இருந்து ஆடிய கிங், 1995-இல் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பெற்று, எழுபதுக்கும் குறைந்த என்.பி.ஏ. ஆட்டங்களோடு நின்றார். அவரோடு நான்காண்டும் ஆடிய ஜாக்சனின் பெயர் தேர்வில் அழைக்கப்படவேயில்லை. இரண்டாம் நிலைச் சங்கமொன்றில் அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்று பெயர் பெற்றும் என்.பி.ஏ.வின் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

இந்த ஐவருள் நாம் அனைவரும் பின்பற்றத்தக்க காரியம் ஒன்றைச் செய்தவர் ஹோவர்டே. மூன்றாம் ஆண்டிலேயே தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றுவிட்ட அவர், விட்ட படிப்பை ஆட்டத்தினிடையே தொடர்ந்து, தம் வகுப்புத் தோழர்கள் பட்டம் பெற்ற 1995-ஆம் ஆண்டிலேயே தாமும் பட்டம் பெற்றார். பெருஞ்சம்பாத்தியம் கைக்கு வந்தபின் பட்டம் எதற்கு என்று அவர் எண்ணவில்லை. முழங்கால் எலும்பொன்று பிசகினால் முடிந்துவிடக்கூடிய வாழ்க்கையில், முடியாது நிற்பது கல்வி ஒன்றே என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்திருந்தார் போலும்.

என்.பி.ஏ.வில் இடம்பெறாத வீரர்களின் கதி என்ன? 2001-ஆம் ஆண்டில் தொடங்கி இன்று ஜி லீக் என்று வழங்கும் வளர்நிலைச் சங்கத்தில், பருவமொன்றுக்கு நாற்பதாயிரம் டாலருக்குச் சற்று மேற்பட்ட ஊதியத்தில் சிலர் காத்திருக்கின்றனர். பலர் துருக்கி, இத்தாலி, ஸ்பெயின், இஸ்ரேல், சீனா, பிலிப்பைன்ஸ் என்று தேசாந்தரம் செல்கின்றனர். ஓராண்டு ஒப்பந்தம், பாஷை தெரியாத ஊர், ஆண்டுக்கோர் அணி என்னும் அவ்வாழ்வில், பேசிய ஊதியம் உரிய காலத்தில் வராமற்போவதும் அரிதன்று. இத்தகைய வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2007-இல் ஒரு மத்தியஸ்த மன்றத்தை நிறுவ வேண்டியதாயிற்று. 1995-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிஃபோர்னியா சர்வகலாசாலைக்கு வெற்றிக் கோப்பையைப் பெற்றுத் தந்து, இறுதிக் கட்டத்தின் தலைசிறந்த வீரர் என்ற விருதும் பெற்ற எட் ஓபேனன், அவ்வாண்டுத் தேர்வில் ஒன்பதாவதாக அழைக்கப்பட்டவர். எனினும் இரண்டே பருவங்களில் என்.பி.ஏ. வாழ்வு முடிந்து, பல நாடுகளில் ஆடிவிட்டு, லாஸ் வேகஸ் நகரில் மோட்டார் வாகன விற்பனை நிலையத்தில் உத்தியோகம் பார்த்தார். அவ்வுத்தியோகம் கௌரவமானதே, அதில் இழிவு காண்பது அறியாமை. ஆயினும் அத்தகைய மாற்றத்துக்கு எத்தனை பேரைக் கலாசாலைகள் ஆயத்தம் செய்து அனுப்புகின்றன என்று கேட்பது நம் கடமை.

பெண்களின் நிலையோ இன்னும் கடினமானது. அயோவா சர்வகலாசாலையின் கெய்ட்லின் கிளார்க், 2024-ஆம் ஆண்டில் ஆடவர் இறுதியாட்டத்தைக் காட்டிலும் மகளிர் இறுதியாட்டத்தை மிகுதியானோர் பார்க்கும்படி செய்தவர்; அவ்வாண்டே மகளிர் தொழில்முறைச் சங்கத்தின் தேர்வில் முதல்வராக வந்த அவருக்கு முதற்பருவ ஊதியம் 76,535 டாலர். பேய்லர் சர்வகலாசாலையின் பிரிட்னி கிரைனர் தம் நாட்டில் கிடைத்ததைப் போலப் பன்மடங்கு ஊதியத்துக்காகப் பருவந்தோறும் ரஷ்யாவின் எக்கத்தெரீன்பூர்க் அணிக்கு ஆடச் சென்றவர். அப்பிரயாணங்களுள் ஒன்றில்தான் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கைதாகி, டிசம்பர்வரை சிறையில் வாட நேர்ந்தது. அமெரிக்காவின் முதல்தர வீராங்கனைக்கே ஜீவனத்தின் பொருட்டுக் கடல் கடக்க வேண்டியிருந்ததென்றால், இரண்டாம் நிலையினரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விளைஞர்களுக்குக் கலாசாலை அளிப்பதாக வாக்களிக்கும் பிரதியுபகாரம் கல்வி. அவ்வாக்கு எவ்வளவு சிரத்தையோடு காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறது? 1973-ஆம் ஆண்டிலிருந்து 2012 வரையில், விளையாட்டு வீரருக்கு அளிக்கும் உபகாரச் சம்பளம் ஆண்டுக்காண்டு புதுப்பிக்க வேண்டியதாகவே இருந்தது. காயமுற்றவனையோ, பயிற்சியாளரின் எதிர்பார்ப்புக்கு எட்டாதவனையோ புதுப்பிக்காமல் விட்டுவிட வழி இருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரெய்ட்டன் சர்வகலாசாலையில் 1978 முதல் 1982 வரை ஆடிய வீரர் ஒருவர், நான்காண்டு அங்கிருந்தும் செவ்வையாக வாசிக்கத் தெரியாமல் வெளிவந்து, சிறுவர்களோடு அமர்ந்து சிகாகோவின் ஆரம்பப் பள்ளியொன்றில் வாசிக்கக் கற்றுக்கொண்டார். அவர் தொடுத்த வழக்கில் 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கற்பித்தது போதாது என்பதைக் குற்றமாக ஏற்க மறுத்துவிட்டது; எனினும், கல்வியில் பங்குபெறும் வாய்ப்பே அவருக்கு மெய்யாக அளிக்கப்படவில்லை என்ற அளவில் ஒப்பந்தத்தை மீறியதாக வழக்காடலாம் என்று இடமளித்தது. வட கரோலினா சர்வகலாசாலையில் பதினெட்டு ஆண்டுகளாக, வகுப்பே நடவாத பாடங்களுக்கு மதிப்பெண் வழங்கப்பட்டு வந்ததென்றும், அவ்வாறு சேர்ந்த 3,100-க்கு மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளில் ஏறத்தாழப் பாதி விளையாட்டு வீரர்களுடையவை என்றும் 2014-ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை கூறிற்று. கல்வியைத் தருவதாகச் சொல்லி, கல்வியின் நிழலைத் தருவது துரோகம்.

நிலைமை சீர்திருந்தவில்லை என்று நான் கூறவில்லை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைகளை அடுத்து, 2018-இல் என்.சி.ஏ.ஏ. நல்லதோர் விதியை இயற்றிற்று: உபகாரச் சம்பளம் பெற்று ஆடிய கூடைப்பந்து வீரர் ஒருவர் படிப்பை முடிக்காமல் சென்று, பிறகு திரும்பி வருவாராயின், பட்டம் பெறும்வரை கல்விக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் முதற்பிரிவுக் கலாசாலை ஏற்க வேண்டும். விதி போற்றத்தக்கது. ஆனால் அதற்கு மூன்று வேலிகள் இடப்பட்டுள்ளன: அவர் முன்னர்க் குறைந்தது இரண்டாண்டு அங்கே பயின்றிருக்க வேண்டும், வெளியேறிப் பத்தாண்டு நிறைவதற்குள் திரும்ப வேண்டும், அதே கலாசாலைக்கே திரும்ப வேண்டும். எவருக்கு இவ்விதி மிகவும் தேவையோ அவர்களையே இம்மூன்றும் வெளியே நிறுத்திவிடுகின்றன என்பது என் துணிபு.

இரண்டாண்டு நிபந்தனையை எண்ணுக. தேர்வு நிகழும் ஆண்டுக்குள் பத்தொன்பது வயது நிரம்பி, உயர்நிலைப் பள்ளியை விட்டு ஓராண்டு கழிந்தாலன்றி என்.பி.ஏ. தேர்வில் அமெரிக்க இளைஞன் சேர முடியாது என்ற விதி, 2005-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் வந்தது. அதனால் அநேகர் ஒரே ஆண்டு கலாசாலையில் ஆடிவிட்டுச் செல்கின்றனர். அவ்வோராண்டில் கலாசாலை அடையும் லாபம் சிறிதன்று. பத்தாண்டு நிபந்தனையோ இன்னும் வியப்புக்குரியது. இருபது வயதில் வெளியேறும் வீரன், உடல் இடங்கொடுத்தால் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதுவரை ஆடுவான். ஆட்டம் ஓய்ந்து, இனி என்ன என்று திகைத்து நிற்கும் அந்த வேளையில்தான் அவனுக்குப் பட்டத்தின் அருமை தெரியும். அப்போது கலாசாலையின் கதவு சாத்தப்பட்டிருக்கும். டேவிட்சன் கலாசாலையை 2009-இல் விட்டு என்.பி.ஏ.வுக்குச் சென்ற ஸ்டீபன் கறி பட்டம் பெற்றது 2022-ஆம் ஆண்டில், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. அவருக்குச் செல்வம் இருந்தது, காலமும் வாய்த்தது. பெயரறியாத ஊர்களில் பன்னிரண்டு ஆண்டு ஆடிவிட்டுச் சிறு சேமிப்போடு திரும்பும் வீரனுக்கு அவ்விரண்டும் ஏது? மூன்றாம் நிபந்தனையும் காலத்துக்கு ஒவ்வாது போயிற்று. 2024 முதல் வீரர்கள் எத்தனை முறையும் கலாசாலை மாறி உடனே ஆடலாம் என்றாகிவிட்டபின், மூன்று இடங்களில் ஆடியவனுக்கு எந்த இடம் கடன்பட்டது?

இப்போது வீரர்களுக்குப் பணமே கிடைக்கிறதே, கல்விக் கடன் எதற்கு என்று வினவுவோர் உண்டு. 2021-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், அவ்வாண்டு ஜூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு விளம்பரங்களில் பொருளீட்டலாம் என்றானதும், 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி ஒவ்வொரு கலாசாலையும் முதலாண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர்வரை வீரர்களோடு பகிரலாம் என்றானதும் வாஸ்தவமே. இவை நெடுநாள் தாமதித்து வந்த நியாயங்கள். ஓபேனன் 2009-இல் தொடுத்த வழக்கு இவற்றுக்கு முன்னோடி. ஆயினும் அப்பணம் அனைவருக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதன்று. பெரும்பங்கு பெயர் பெற்றவர்களுக்கும், பெரிய கலாசாலைகளுக்குமே செல்லும்; பலகையில் அமர்ந்து காத்திருந்த பன்னிரண்டாவது வீரனின் கைக்கு எட்டுவது சொற்பம். மேலும், உழைப்புக்கு ஊதியம் தந்துவிட்டதால், முன்பே வாக்களித்த கல்வி ரத்தாகிவிடாது. ஒன்று ஆட்டத்தின் விலை, மற்றொன்று ஆசிரியர் ஸ்தானத்தில் உள்ள ஸ்தாபனத்தின் தருமம்.

அவரவர் விருப்பப்படி படிப்பை விட்டுச் சென்றவர்களுக்குக் கலாசாலை ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்பாரும் உளர். பயிற்சி, பிரயாணம், இரவு ஆட்டம் என்று வாரம் முழுவதும் நெருக்கப்பட்டு, பயிற்சி நேரத்துக்குக் குறுக்கிடாத பாடம் எதுவோ அதுவே தன் பாடமென்று கொள்ளும் இளைஞனின் விருப்பம் எவ்வளவு தூரம் சுதந்திரமானது என்பதை அவர்கள் சிந்திக்க வேண்டும். டிம் டங்கன், தாயிடம் தந்த வாக்கின்படி வேக் ஃபாரஸ்ட் சர்வகலாசாலையில் நான்காண்டும் தங்கிப் பட்டம் பெற்றே 1997-ஆம் ஆண்டுத் தேர்வுக்குச் சென்றார். அது அவருடைய மன உறுதிக்குச் சான்று. எல்லோரிடமும் அவ்வுறுதியை எதிர்பார்ப்பதைவிட, உறுதி குன்றியவனும் வறுமையால் அவசரப்பட்டவனும் பின்னொரு நாள் திரும்பி வர வழி வைப்பதே கல்வி நிலையத்துக்கு அழகு.

ஆகவே செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, இரண்டாண்டு, பத்தாண்டு, அதே இடம் என்னும் மூன்று வேலிகளையும் நீக்கி, ஒரு பருவம் ஆடியவனும் வாழ்நாளில் எப்போது வேண்டுமாயினும் தான் ஆடிய கலாசாலைகளுள் ஏதேனும் ஒன்றில் செலவின்றிப் பட்டத்தை முடிக்கும் உரிமையை எழுத்தில் வழங்க வேண்டும். இது கனவன்று, பட்டத்தை முடிக்க வாழ்நாள் முழுவதுக்குமான உறுதியை இண்டியானா சர்வகலாசாலை 2014-ஆம் ஆண்டிலேயே தன் வீரர்களுக்கு அளித்துள்ளது. பயிற்சியாளர்களுக்குப் பத்து லட்சக்கணக்கில் டாலர் ஊதியம் கொடுக்கும் கலாசாலைகளுக்கு இச்செலவு பெரிதன்று. இரண்டாவது, ஒவ்வொரு கலாசாலையும் தன் வீரர்கள் வெளியேறிப் பத்தாண்டுக்குப்பின் எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எவ்வகைத் தொழிலில் நிலைபெற்றனர் என்ற கணக்கை, பெயர்களை மறைத்து, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தம் மகனைத் தேடிப் பயிற்சியாளர் வீட்டுக்கு வரும்போது, எத்தனை பேரை என்.பி.ஏ.வுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்கும் பெற்றோர், அனுப்பப்படாதவர்கள் என்ன ஆயினர் என்றும் அக்கணக்கை எடுத்து வைத்துக் கேட்கும் நாளில், கலாசாலைகளின் சிரத்தை தானே அத்திசையில் திரும்பும். அதுவரையில், வெற்றிக் கோப்பைகளைக் கொண்டு ஒரு சர்வகலாசாலையை மதிப்பிடும் வழக்கத்தை அபிமானிகளாகிய பொதுமக்களும் பத்திரிகைகளும் கைவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மரை அது வாழ்க்கைக்கு எவ்வாறு ஆயத்தம் செய்தது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.