லோன் இன்சூரன்ஸ் வேறு, வீட்டு இன்சூரன்ஸ் வேறு!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைக்க வந்தான். "வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டியாப்பா?" என்று கேட்டேன். "பேங்க்லயே லோனோட சேர்த்துப் பிடிச்சுட்டாங்க சார்" என்றான். பல வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2018 நவம்பர் 16 ஞாபகம் இருக்கிறதா? வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், வலுவிழந்த பிறகு நம் திண்டுக்கல் வழியாகத்தான் மேற்கே போனது. அன்று பக்கத்து மனையில் நின்ற வேப்பமரம் எங்கள் சமையல்கட்டு ஓட்டின் மேல் சாய்ந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடும் ஒரு பக்கச் சுவரும் ஃபிரிட்ஜும் போயின. "இன்சூரன்ஸ்தான் இருக்கே" என்று தைரியமாக லோன் ஃபைலை எடுத்தேன். அது என் உயிருக்கான பாலிசி! நான் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் படிக்கவில்லை. 85,000 ரூபாய் கைக்காசு போனது.

வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறோம், போலீஸ் கேட்பதால். வீட்டுக்கு யாரும் கேட்பதில்லை, அதனால் விட்டுவிடுகிறோம். வாழ்நாள் சம்பாத்தியம் வண்டியிலா இருக்கிறது, வீட்டிலா?

இப்போது வழி சுலபம். 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, மரம் விழுதல் எல்லாம் இதில் அடங்கும். கட்டடத்தோடு பொருள்களையும் சேர்த்தால், பட்டியல் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை பொருள்களுக்கும் பாதுகாப்பு உண்டு.

எவ்வளவுக்குப் போடுவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். விற்கிற விலைக்குப் போடக்கூடாது. மனை எரியாது, வெள்ளத்தில் போகாது. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. 1,000 சதுர அடி, அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 22 லட்சம். மனையோடு சேர்த்து வீடு 60 லட்சம் பெறும் என்றாலும் 22 லட்சம் போதும். பொருள்களுக்கு அதில் 20 சதவீதம், 4.40 லட்சம்.

பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பூட்டை உடைத்து நடக்கும் சாதாரணத் திருட்டு இந்த பாலிசியில் வராது. புயல், தீ போன்ற சேதம் நடந்து 7 நாளைக்குள் அதையொட்டி நடக்கும் திருட்டு மட்டுமே வரும். மற்றதற்குத் தனியாக எடுக்க வேண்டும். நகைக்கும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். பராமரிக்காமல் சுவர் விரிசல் விட்டால் எதுவும் கிடைக்காது.

சேதம் நடந்தால் சுத்தம் செய்யும் முன் போட்டோ எடுங்கள். உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். அதிலும் தீராவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

"பத்து வருஷம் கட்டி ஒண்ணும் நடக்கலைன்னா பணம் வீண்தானே சார்?" என்பீர்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதைவிட வேறென்ன வேண்டும்?

இன்றைய வீட்டுப்பாடம்: லோன் ஃபைலை எடுத்து மூன்று கேள்விக்கு விடை தேடுங்கள். பாலிசி உயிருக்கா, வீட்டுக்கா? எத்தனை ரூபாய்க்கு? எந்தத் தேதி வரை? லோன் முடிந்தவர்கள் இன்னும் கவனமாகப் பாருங்கள். விடையைக் கமெண்டில் எழுதுங்கள், திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்